போய்ச் சேரும்வரை கூட்டக்கூடாது

எங்கள் வீட்டு மாடியில் மூன்று அறைகள் என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். அது கொஞ்சம் பெருமைப் பேச்சு. உண்மையில் இரண்டு அறைகளும், படிக்கட்டுக்குப் போக மிஞ்சிய இடத்தில் பெட்டி மாதிரி ஒரு அடைப்பும்தான் இருந்தன. லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் அந்த வரிசையில் உள்ள எல்லா வீடுகளும் அப்படித்தான். அந்தப் பெட்டிக்குள் ஒற்றைக் கட்டில் ஒன்றைப் போட்டு, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்க இடம் விட்டிருந்தார்கள். அதற்குள்தான் சித்தி இருந்தார்.

சித்தி அம்மாவின் ஒரே தங்கை. நான் பிறப்பதற்கு முன்னமே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டவர். ஆகையால் வீடு என்றால் அம்மா, அப்பா, சித்தி என்றுதான் எனக்குத் தெரியும். தம்பி பிறகு வந்து சேர்ந்தவன். டூட்டிங்கில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் சித்திக்கு வேலை. மாலையில் வரும்போது பல்லுக்குக் கெடுதியான இனிப்பு ஏதாவது வாங்கிக்கொண்டு வருவார்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது சித்திக்குக் கல்யாணம் சரிவந்தது. மாப்பிள்ளை மெல்பேர்ணில் இருந்தார். கோடை விடுமுறையில் வந்து, மண்டபத்தில் தாலி கட்டி, தன் சொந்தக்காரர் வீட்டில் மூன்று கிழமை இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பிப் போனார். சித்தியின் விசாவுக்காக வீடே காத்திருந்தது. அந்த நாட்களில் ஒருநாள் அப்பா, நான் தம்பியோடு ஒரே அறையில் படுக்க மாட்டேன் என்று அடம்பிடித்ததைத் தாங்காமல், "சித்தி போனோடன அந்த அறை உனக்குத்தான்" என்று வாய் விட்டுவிட்டார். தம்பிக்கு நான்கு வயது. பகலில் பரவாயில்லை. நித்திரையில் கழுதை மாதிரி உதைப்பான்.

சித்தி போகப்போகிறார் என்பதில் எனக்குக் கவலை இல்லாமல் இல்லை. நிறையவே இருந்தது. ஆனால் கவலைப்பட்டு அழுது முடித்த கையோடு, கட்டிலை எந்தச் சுவரோடு போடலாம், கதவில் என்ன படம் ஒட்டலாம் என்றும் யோசித்தேன். இரண்டையும் ஒரே நாளில் செய்வதற்கு எனக்கு ஒரு சங்கடமும் இருக்கவில்லை.

அந்தக் காலத்தில் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. அப்பாவின் பழைய கணினியில் ஒரு இணையப் பக்கம். இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் இடையில் எத்தனை கிலோமீற்றர், பறக்க எத்தனை மணித்தியாலம் என்று உடனே சொல்லிவிடும். எங்கள் சொந்தக்காரர் உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்ததால் எனக்கு வேலைக்குக் குறைவில்லை. ரொறொன்ரோ, சூரிச், பாரிஸ், ஒஸ்லோ என்று ஒவ்வொருவரையும் தேடித் தட்டிப் பார்ப்பேன். லண்டனிலிருந்து மெல்பேர்ண் ஏறக்குறைய பதினேழாயிரம் கிலோமீற்றர் என்று வந்தது. எங்கள் குடும்பத்தில் அதுதான் ஆகக்கூடிய தூரம் என்பதில், ஏதோ சித்தி போட்டியில் வென்றதுபோல எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒருநாள் சித்தி தன் அறைக்குள் வேலைக்குப் போடும் சட்டையை மடித்துக்கொண்டிருந்தார். நான் கொழும்பையும் லண்டனையும் தட்டிப் பார்த்துவிட்டு ஓடிப்போய்ச் சொன்னேன்.

"சித்தி, கொழும்பில இருந்து இஞ்ச பதினொரு மணித்தியாலம்தான்!"

"அப்படியோ? எனக்கு ஏழு மாதம் எடுத்தது."

"நடந்தோ வந்தனீங்கள்?"

"கொஞ்சத் தூரம் நடந்தும்தான் வந்தனான்."

நான் கட்டிலில் விழுந்து புரண்டு சிரித்தேன். சித்தியும் சிரித்தார். மறுநாள் பள்ளிக்கூடத்தில், என்னுடைய சித்தி இலங்கையிலிருந்து நடந்து வந்தவர் என்று பக்கத்தில் இருந்த பிள்ளைக்குச் சொல்லி, அவளும் சிரித்தாள். சித்திக்குப் பகிடி விடத் தெரியும், கணக்குத்தான் வராது என்று முடிவு செய்துகொண்டேன்.

விசா வந்தது. மாரிகாலம் தொடங்கியிருந்தது. அம்மா பயணப்பெட்டி அடுக்கத் தொடங்கினார். அடுக்கினார் என்பதைவிட ஒரு பலசரக்குக் கடையைப் பெட்டிக்குள் இறக்கினார் என்று சொல்லலாம். தானே வறுத்து அரைத்த மிளகாய்த்தூள் இரண்டு பை, மோர்மிளகாய், வடகம், காயவைத்த பனங்கிழங்கு ஒடியல், பயத்தம் பணியாரம், பேப்பரில் சுற்றி அதற்குமேல் பிளாஸ்டிக்கில் சுற்றி அதற்குமேல் ஒரு பழைய துவாயில் சுற்றிய கருவாடு. குளியலறைத் தராசில் அம்மா பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறி நிற்பார். நான் குனிந்து எண்ணைப் பார்த்துச் சொல்வேன். பிறகு அம்மா தன்னுடைய நிறையை அதில் கழிப்பார். தன்னுடைய நிறையில் அவர் நேர்மையாக இருக்கவில்லை என்பது அப்பாவின் சந்தேகம்.

"அவங்கட நாட்டுக்குள்ள தின்னுற சாமான் கொண்டுபோக ஏலாது. எல்லாத்தையும் பிரிச்சுப் பார்ப்பாங்கள்," என்றார் அப்பா.

"விக்கவோ கொண்டுபோறா? சாப்பிடத்தானே," என்று அம்மா கருவாட்டுக்கு இன்னுமொரு சுற்றுப் போட்டார்.

சித்தி பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிற பழக்கம் அவருக்கு. சித்திக்குப் பத்து வயது இருக்கும்போதே அம்மாதான் தலை இழுத்துப் பின்னி, சாப்பாடு தீத்தி, பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போனவர். அக்கா என்று கூப்பிட்டாலும் சித்திக்கு அவர் அதற்கும் மேல்.

பயண நாள் சனிக்கிழமை. விமானம் மத்தியானத்துக்குப் பிறகுதான். ஆனால் சனிக்கிழமையில் ஒன்பது மணிக்கு ராகுகாலம் தொடங்கிவிடும் என்பதால், அதற்கு முன்னமே எல்லோரும் காருக்குள் ஏறிவிட்டோம். ஹீத்ரோவில் நாங்கள் போய் இறங்கியபோது, சித்தியின் விமானம் லண்டனுக்கே வந்து சேர்ந்திருக்காது. நாற்காலிகளில் உட்கார்ந்து, கொண்டுபோன இடியப்பத்தை அங்கேயே சாப்பிட்டோம். தம்பி பாதியைச் சாப்பிட்டு மீதியை நிலத்துக்குக் கொடுத்தான்.

பிறகு போகிற நேரம் வந்தது. சித்தி என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். நான் அழுதேன். தம்பி, நான் அழுவதைப் பார்த்து அழுதான். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு கூரையைப் பார்த்தார். அம்மா மட்டும் அழவில்லை. சித்தியின் கோட்டுப் பொத்தான்களை மேலிருந்து கீழ்வரை ஒவ்வொன்றாகப் பூட்டிவிட்டார். சித்திக்குப் பத்து வயதாக இருந்தபோது பூட்டிவிட்டதுபோலத்தான்.

"போட்டு வாறன் அக்கா."

"ஓம். போய்ச் சேர்ந்தோடன போன் எடு. நீ எடுக்கோணும். வேற ஆக்கள் எடுத்துச் சொல்லக் கூடாது."

அது எனக்குக் கொஞ்சம் விசித்திரமான கட்டளையாகப் பட்டது. ஆனால் அம்மாவிடம் இப்படி விசித்திரமான கட்டளைகள் நிறைய இருந்ததால் பெரிதாக எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் மேலே ஓடினேன். அறை காலியாக இருந்தது. கட்டில் மெத்தை உரித்துக் கிடந்தது. கம்பளத்தில் கடைகளின் விலைச் சீட்டுகள், பெட்டியில் சுற்றிய பிளாஸ்டிக்கின் துண்டுகள், கொட்டுண்ட பவுடர், சித்தியின் நீள முடிகள் இரண்டு மூன்று. இதை ஒருமுறை துப்புரவாக்கினால் போதும், இரவே குடிபுகலாம். நான் தூசி உறிஞ்சும் ஹூவரைப் படிப்படியாக இழுத்துக்கொண்டு போய், பிளக்கைச் செருகி, சுவிட்சை அமத்தினேன்.

அது இரைந்ததுதான் தாமதம், அம்மா கோட்டோடு படியேறி ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார்.

"என்ன வேலை பார்க்கிறாய்! ஆள் பயணத்தில நிக்கேக்க வீடு கூட்டுறதோ?"

அப்போதுதான் எனக்கு அந்தச் சட்டம் தெரியவந்தது. ஒருவர் வீட்டிலிருந்து பயணம் புறப்பட்டால், அவர் போய்ச் சேரும்வரை வீட்டைக் கூட்டக்கூடாது. கூட்டினால் போனவரையே கூட்டித் தள்ளியது மாதிரி. அவருக்கு வழியில் ஏதாவது வரும். இதுவரை யாரும் எங்கள் வீட்டிலிருந்து பெரிய பயணம் போகாததால் எனக்கு இது தெரிந்திருக்கவில்லை. அப்பா வேலைக்குப் போவதெல்லாம் பயணத்தில் சேர்த்தி இல்லையாம்.

நான் அப்பாவிடம் முறையிட்டேன். அவர் எப்போதும் என் பக்கம்.

"கூட்டக் கூடாது எண்டுதானே சொல்லி வச்சவை," என்றார் அப்பா அம்மாவைப் பார்த்து. "ஹூவர் பிடிக்கக் கூடாது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே."

அம்மா முறைத்தார்.

"எங்கட வீட்டில பஸ் சந்தி தாண்டினாலே கூட்டிப்போடுவம்," என்றார் அப்பா மறுபடியும்.

"அதுதான் உங்கட ஆக்கள் ஒருத்தரும் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்றேல்லை."

அப்பா கோட்டைக் கழற்றி மாட்டப் போய்விட்டார். அந்தச் சட்டத்தை யார் போட்டார்களோ, அவர்கள் பஸ்ஸையும் ரயிலையும் மனத்தில் வைத்துத்தான் போட்டிருப்பார்கள். பக்கத்து ஊருக்குப் போனால் ஒரு மணித்தியாலம் குப்பையோடு இருக்கலாம், கொழும்புக்குப் போனால் ஒரு பகல் இருக்கலாம். மெல்பேர்ணை அவர்கள் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள். துபாயில் இறங்கி மாறும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு முழு நாளுக்கு ஒரு மணித்தியாலம்தான் குறைவு. தம்பி இருக்கிற வீட்டில் ஒரு நாள் என்பது சின்ன விஷயம் இல்லை. அவன் கையில் எப்போதும் உதிரக்கூடிய ஏதாவது இருக்கும்.

நான் கணினிக்கு முன்னால் குந்தினேன். விமானங்கள் எங்கே பறக்கின்றன என்று வரைபடத்தில் காட்டும் இன்னொரு பக்கமும் எனக்குத் தெரியும். சித்தியின் விமானம் மஞ்சள் நிறத்தில், விரல் நகமளவு, ஜெர்மனிக்கு மேலே நின்றது. நான் பார்த்துக்கொண்டிருந்தால் நகரவே நகராது. தண்ணீர் குடிக்கப் போய்விட்டு வந்தால் கொஞ்சம் நகர்ந்திருக்கும். ஆகவே நிறையத் தண்ணீர் குடித்தேன்.

நான் படுக்கப் போகும் நேரத்தில் அது துபாயில் இறங்கியது. 'துபாய் வந்திட்டன்' என்று சித்தியிடமிருந்து ஒரு செய்தியும் வந்தது. நான் மறுபடியும் ஹூவரை இழுத்தேன். இறங்குவது என்றால் இறங்குவதுதானே என்பது என் வாதம். அம்மா என் கையிலிருந்து குழாயைப் பிடித்து வாங்கினார்.

"அது நடுவழி. நடுவழியில நிக்கிற ஆளைத்தான் கூடக் கவனமாப் பார்க்கோணும்."

அன்றும் தம்பியோடுதான் படுத்தேன். உதை விழுந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வீடு பார்க்கச் சகிக்கவில்லை. படியில் கோர்ன்ஃபிளேக்ஸ் நொறுங்கிக் கிடந்தது. சமையலறையில் வெங்காயத் தோல் காலுக்குக் காலாகப் போய் வரவேற்பறை வரைக்கும் வந்திருந்தது. அம்மா ஒரு சாதாரண நாளில் சாப்பாட்டு மேசைக்குக் கீழே ஒரு சோற்றுப் பருக்கை கிடந்தாலே கத்துகிறவர். அன்றைக்கு எல்லாவற்றுக்கும் மேலால் கவனமாகக் கால் வைத்து நடந்தார்.

மத்தியானம் தாண்டியதும் மஞ்சள் விமானம் ஒருவழியாக மெல்பேர்ணைத் தொட்டது. எழுத்தில் போட்டும் விட்டார்கள், இறங்கிவிட்டது என்று. நான் வீடே அதிரக் கத்தினேன். அப்பா கை தட்டினார். தம்பியும் தட்டினான். அம்மா மாத்திரம் கையிலிருந்த போஞ்சிக்காயை முறித்துக்கொண்டே, "போன் வரட்டும்," என்றார்.

போன் வரவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்தோம். போஞ்சிக்காய் முறித்து முடிந்தது. போன் வரவில்லை. நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கணினியைக் காட்டினேன். விமானம் நிற்கிறது, பாருங்கோ, இனி அது எங்கேயும் போகாது.

"பிளேன் இறங்கினது பிளேனுக்கு," என்றார் அம்மா. "அவ இறங்கினதை அவதான் சொல்லோணும்."

எனக்குக் கோபத்தில் அழுகை வந்துவிட்டது. ஒரு மனுஷி கண்ணால் கண்டதையும் நம்பாவிட்டால் என்ன செய்வது? படியில் உட்கார்ந்து விம்மிக்கொண்டிருந்த என்னை அப்பா சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய், கதவைச் சாத்தி, பால் சூடாக்கித் தந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"சித்தி முந்தி இஞ்ச வரேக்க ஒழுங்கா விசாவோட வரேல்லை பிள்ளை. ஏஜென்சிக்காரன் ஒருத்தன்தான் கூட்டிக்கொண்டு வந்தவன். ஊரில வீட்டில ஆக்கள் ஒருத்தரும் இல்லை. அதால அவ வெளிக்கிட்ட நாளில இருந்து அம்மா இஞ்ச நாங்கள் அப்ப வாடகைக்கு இருந்த அறையைக் கூட்டாமல் வச்சிருந்தவ. ஒருநாள் அவன் போன் எடுத்து, ஆள் லண்டனில இறங்கிட்டா எண்டு சொன்னான். அம்மா சந்தோசத்தில அறையைக் கூட்டித் துடைச்சு, சமைச்சு வச்சிட்டு, என்னை எயார்போட்டுக்கு அனுப்பினவ. நான் குளிருக்கு ஒரு கோட்டும் கொண்டுபோய் அங்க நிண்டனான்."

"பிறகு?"

"ஆள் வரேல்லை. வேற ஒரு நாட்டில இறக்கி விட்டிட்டு அவன் ஓடி மாறிட்டான். எங்க எண்டு எங்களுக்குத் தெரியாது. பிறகு கனகாலத்துக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தவ."

"எவ்வளவு காலம்?"

"எல்லாமா ஏழு மாதம்."

நான் பாலைக் குடித்தேன். ஏழு மாதம் என்ற கணக்கை எங்கேயோ கேட்டதாக ஞாபகம் வந்தது. அது பகிடியாகக் கேட்டதால் இதோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. அந்த ஏஜென்சிக்காரனிடம் கணினி இருந்திருக்காது, அதனால்தான் பிழையாகச் சொல்லிவிட்டான் என்று விளங்கிக்கொண்டேன். இப்போதுதான் எல்லாம் வந்துவிட்டதே. அதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்தேன்.

அப்போது போன் அடித்தது. நாங்கள் கதவைத் திறந்துகொண்டு ஓடினோம். அம்மா அதற்குள் எடுத்துவிட்டார். பேசியது சித்தி அல்ல. மெல்பேர்ணில் இருந்து சித்தப்பா.

"அக்கா, பிளேன் இறங்கிக் கனநேரம். மற்ற ஆக்கள் எல்லாரும் வெளியில வந்திட்டினம். இவவை இன்னும் காணேல்லை. உங்களுக்கு ஏதும் போன் எடுத்தவவோ?"

 அம்மா போனை அப்பாவிடம் நீட்டினார். அப்பா ஏதேதோ கேட்டார், வேறு வாசல் இருக்குமா, விசாரிக்கும் மேசை இருக்குமா என்று. சித்தப்பா பாவம், அங்கே நடுச்சாமத்தில் பூங்கொத்தோடு நின்றிருக்கிறார். பார்த்துவிட்டு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டார்.

அம்மா நடைக்கூடத்தில் நின்றார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. முகம் எனக்குத் தெரிந்த முகமாக இல்லை. நான் மெதுவாக, "அம்மா, கொம்பியூட்டரில இறங்கிட்டுது எண்டுதான்..." என்று தொடங்கினேன். அப்பா என் தோளில் கை வைத்து அமத்தினார். தம்பி பிஸ்கட்டோடு வந்து அம்மாவின் காலைக் கட்டிப்பிடித்தான். பிஸ்கட் நொறுங்கி அம்மாவின் பாதத்தில் விழுந்தது. அம்மா குனிந்து பார்க்கவும் இல்லை. "நான் ஒண்டும் கூட்டேல்லை," என்று மாத்திரம் சொன்னார். அப்பாவிடம் சொன்னாரா, எங்களிடம் சொன்னாரா, சுவாமி படத்தைப் பார்த்துச் சொன்னாரா தெரியாது. "இந்தமுறை நான் ஒண்டும் கூட்டேல்லை."

எனக்கு அப்போதுதான் முதல்முறையாகப் பயம் வந்தது. அறையை மறந்துபோனேன். முந்தின நாள் நான் ஹூவரை அமத்தியபோது ஒரு நொடி அது இரைந்ததே, அது கணக்கில் வருமா என்று யோசித்தேன். சித்தி வந்து சேர்ந்தால் போதும், நான் வாழ்நாள் முழுக்கத் தம்பியிடம் உதை வாங்கத் தயார் என்று விம்பிள்டன் கோயில் பிள்ளையாருக்கு நேர்ந்தேன்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று சொல்ல முடியாது. போன் மறுபடியும் அடித்தது. அப்பா எடுத்து, ஒரு சொல் கேட்டதும் சத்தத்தைக் கூட்டிவிட்டு அம்மாவின் பக்கம் பிடித்தார்.

"அக்கா, நான்தான். வெளியில வந்திட்டன்."

அம்மா போனை இரண்டு கையாலும் பிடித்தார். "எங்கயடி நிண்டனீ?"

"உங்கட கருவாட்டோட நிண்டனான்!"

பெட்டியைத் திறந்துவிட்டார்களாம். ஒவ்வொரு சுற்றாகப் பிரித்துப் பார்த்தார்களாம். கருவாட்டுக்கு வந்தபோது ஒரு ஆள் கையுறை மாற்றிக்கொண்டு வந்தானாம். ஒடியலைத் தூக்கி இது மரமா என்று கேட்டார்களாம். கிழங்கு, சாப்பிடுவது என்று சொன்னதும் அதைக் கொண்டுபோய் இன்னும் இரண்டு பேருக்குக் காட்டினார்களாம். அந்த இடத்தில் நின்று போன் எடுக்கவும் விடவில்லையாம். "தூளை மட்டும் தந்தவங்கள் அக்கா. மிச்சம் எல்லாம் போட்டுது," என்று சித்தி சிரித்தார். அப்பாவும் சிரித்தார், ஆனால் நான் அப்பவே சொன்னேன் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அது பெரிய அதிசயம்.

பிறகு சித்தி சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அக்கா, வீடு கூட்டேல்லைத்தானே?"

"இல்லை."

"இனிக் கூட்டுங்கோ. நான் வந்து சேர்ந்திட்டன்."

அம்மா அன்று பின்னேரம் முழுவதும் கூட்டினார். முன் கதவில் தொடங்கி, வரவேற்பறை, சமையலறை, படிகள் ஒவ்வொன்றாக, எங்கள் அறை, தங்கள் அறை. நான் வயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். கடைசியாகச் சித்தியின் அறை வாசலுக்கு வந்தோம். அம்மா உள்ளே ஒருமுறை பார்த்தார். ஹூவரை நிற்பாட்டி, கதவைச் சாத்திவிட்டு, "இது நாளைக்கு," என்றார்.

பிள்ளையாருக்கு நேர்ந்ததை நான் அதற்குள் மறந்துவிட்டேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். நாளைக்கு என்றால் நாளைக்குத்தானே என்று பொறுத்தேன். மறுநாள் நான் பள்ளிக்கூடத்தால் வந்து கேட்டபோது, விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது, இனிக் கூட்டக்கூடாது என்றார். மூன்றரை மணிக்கு எந்த வீட்டில் விளக்கு வைப்பார்கள்? அதற்கு அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை, ஆகாதாம். அதற்கு அடுத்த நாள் தலையிடி. நான் அப்பாவிடம் போனேன். என் பக்கம் நிற்கிற அப்பா, "ரெண்டு நாள் விடன் பிள்ளை," என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தால் வந்து மேலே போனபோது அந்த அறைக் கதவு திறந்திருந்தது. உரித்த மெத்தையில் அம்மா உட்கார்ந்திருந்தார். ஒன்றும் செய்யவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார். அம்மா சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை. கம்பளத்தில் விலைச் சீட்டுகளும் பவுடரும் முடிகளும் அப்படியே கிடந்தன.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அம்மாவுக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை, அதுதான் பிரச்சினை என்று எனக்குத் தோன்றியது. ஆகவே எங்கள் ஆசிரியை எங்களுக்கு விளக்குவதுபோல ஆறுதலாக, ஒவ்வொன்றாக விளக்கினேன். பதினேழாயிரம் கிலோமீற்றர். ஒரு நாள் பயணம். விமானம் இறங்கிவிட்டது. சித்தி தானே போன் எடுத்துச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நான்கு நாளும் பேசிவிட்டார். அங்கே வெயில் என்றும் சொல்லிவிட்டார். இனிப் போய்ச் சேர ஒன்றும் மிச்சம் இல்லை.

அம்மா நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார்.

"ஓம். எல்லாம் சரியாத்தான் சொல்லுறாய்," என்றார். பிறகு, "அங்க இருந்து இஞ்ச வர எவ்வளவு நேரம் பிள்ளை?" என்று கேட்டார்.

யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. எனக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. கீழே ஓடிப்போய், இரண்டு பெயர்களையும் மாற்றித் தட்டிப் பார்த்துவிட்டு மேலே ஓடிவந்தேன். தூரம் அதேதான், திரும்பி வரும்போது காற்று எதிர்ப்பக்கம் என்பதால் ஒரு மணித்தியாலம் கூட எடுக்கும், அவ்வளவுதான் வித்தியாசம் என்று மூச்சு வாங்கச் சொன்னேன்.

"அவ்வளவுதானோ," என்றார் அம்மா.

"அவ்வளவுதான்."

அம்மா என் தலையைத் தடவினார். எழுந்து வெளியே போய், ஹூவரைத் தானே தூக்கிக்கொண்டு வந்து, பிளக்கைச் செருகி, குழாயை என் கையில் தந்தார். அதுவரைக்கும் எனக்குக் கூட்டத் தெரியாது, மூலை விடுவேன் என்று சொல்கிறவர். "இந்தா, இந்த அறையை நீயே கூட்டு," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கீழே இறங்கிப் போனார்.

சரியான கணக்குச் சொன்னதற்காக அம்மா என்னைப் பெரிய பிள்ளையாக மதித்துவிட்டார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஹூவரை அமத்தினேன். கட்டிலுக்குக் கீழேயும் தவழ்ந்து போய், ஒரு மூலை விடாமல், ஒரு முடி விடாமல் கூட்டி எடுத்தேன்.